நடுக்கோடு

மகள் தன் கட்சிக் கொடியை உதறி அப்பாவின் உடல்மேல் விரிக்கப் போனபோது, அம்மா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி."

"வெளியே எங்க ஆளுங்க நூறு பேர் நிக்கிறாங்கம்மா. எங்கப்பாவுக்கு என் கொடியைப் போர்த்தக் கூடாதா?"

"உன் கொடிதான். அவரோடது இல்லையே."

அப்பா முப்பது வருஷம் தேர்தல் அதிகாரியாக இருந்தவர். ஊர் வைத்த பெயர் நடுக்கோடு. இரண்டு துணியைக் காட்டி எது நல்லாருக்கு என்று அம்மா கேட்டால்கூட, "ரெண்டும் பரவாயில்லை" என்று நழுவிவிடுவார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்பு நகரசபைத் தேர்தலில் மகள் நின்றாள். "என்னை மாற்றிவிடுங்கள்" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். நடுக்கோடுதான் வேண்டும் என்று இரண்டு கட்சிகளும் கையெழுத்துப் போட்டன. பொல்லாத நேரம், ஓட்டு சமமாக வந்தது. மூன்று முறை எண்ணியும் சமம்தான். அப்படி வந்தால் அதிகாரியே ஒரு ஓட்டுப் போட்டு முடிக்கலாம். அந்த ஊர் நகரசபைச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. அப்பா இரண்டு சீட்டு எழுதி, தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். எதிராளியின் பெயர். பிசிறில்லாமல் படித்தார். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த எதிராளிதான் இப்போது உள்ளே வந்தார். நெடிய மனிதர். தோளில் வழக்கமான கட்சித் துண்டு இல்லை.

"ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு அவர் உங்களுக்குத்தான் போடுவார்னு நெனச்சேன். பெத்த பொண்ணாச்சே, நானா இருந்தா யோசிக்காமப் போட்டிருப்பேன். உங்க பேரைச் சொன்ன நிமிஷமே கலாட்டா பண்ண, கம்போட அம்பது பேரை வாசல்ல நிறுத்தி வச்சிருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்பேரு வந்ததும் சந்தோஷமே வரல. வெக்கமாப் போச்சு. வெளியே போய் எல்லாரையும் வீட்டுக்குப் போங்கடான்னேன்." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "தூக்கும்போது நானும் ஒரு பக்கம் தோள் குடுக்கலாமா?"

அப்பா ஒரு சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு ஊரின் மண்டை உடையாமல் காப்பாற்றியிருக்கிறார். அது அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் வீட்டில் வந்து சொல்லியிருக்க மாட்டார். எத்தனை பெரிய மனிதரோடு ஒரே கூரையின்கீழ் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று மலைத்துப்போய் நின்றாள்.

பிறகு கொடியை மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

"வாங்க. முன்பக்கம் நாம ரெண்டு பேரும் பிடிப்போம்."

இரு கட்சி ஆட்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எதிராளியின் உயரத்துக்கு அப்பாவின் சவப்பெட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. அவர் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டார். தெரு முடியும்வரை அப்படியே நடந்தார்.