மலை முழுக்கக் கேட்ட பேச்சு

டெல்மஸுக்கு வாய் நீளம். ஆஸ்பரி மாவட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் இருக்கிற மலைநாடு அது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு குன்றே படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கலகலப்பாகப் பேச ஒருத்தன் இருந்தால் நல்லதுதானே? ஊரின் ஒரே தீவனக் கடை அவனுடையது. அதோடு மீட்புக்குழுவின் ஆம்புலன்ஸையும் ஓட்டினான், சம்பளமில்லாமல். குழுவில் எல்லாருமே அப்படித்தான். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க அந்த மாவட்டத்துக்கு வக்கில்லை.

பனி உருகி மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கிய நேரம், நகரத்துப் பத்திரிகை ஒன்றிலிருந்து மெரிடித் என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஜனங்கள் குறைந்துகொண்டே போகிற இந்த மலை மாவட்டத்தைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதப்போகிறாளாம். சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்றாள். டெல்மஸ் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உளறிக் கொட்டாதே என்று அவன் மனைவி நெல்டா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னதை அவன் என்றைக்குக் கேட்டான், அன்றைக்குக் கேட்க?

அந்த மலையில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி இருக்கும். மீட்புக்குழு தங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் அதில் கேட்கும். யார் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், யார் வீட்டுக் கொட்டகை பற்றிக்கொண்டது, எல்லாம் அந்தப் பெட்டி சொல்லித்தான் தெரியும். அடுப்பில் சட்டி இருக்கிறதோ இல்லையோ, பெட்டி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். குழுக்காரர்களின் சொந்த வண்டிகளிலும் பேசுகிற மைக் உண்டு. பொத்தானை அழுத்தினால் பேசலாம்.

டெல்மஸின் வண்டியில் அந்த மைக் சீட்டில் கிடந்தது. மெரிடித் ஏறி உட்கார்ந்து, கேமராவும் தடித்தடிப் புத்தகங்களுமாக அடைத்த பையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பை மைக்கின் மேல் உட்கார்ந்தது, பொத்தான் அழுந்தியது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்புறம் டெல்மஸ் பேசினான். பேசினான் பேசினான், அப்படிப் பேசினான். தன் பேச்சை ஒருத்தி எழுதிக்கொள்கிறாள் என்றதும் தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. பாதிரியார் பிரசங்கத்தை எங்கிருந்து எடுக்கிறார், பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா யாரைப் பார்க்க ஏரிப்பக்கம் போகிறாள், எந்த அண்ணன் தம்பி ஒரு வேலிக்காகப் பதினைந்து வருஷமாக முகம் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை. ஒருமுறை மீட்புக்குழு அலுவலகத்திலிருந்து அவனைக் கூப்பிட முயன்றிருக்கிறார்கள். ஆனால் ஒருவன் பொத்தானை அழுத்தியபடி இருந்தால் மற்ற யாருடைய குரலும் உள்ளே நுழையாது. மாவட்டம் மொத்தமும் கையைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

குழுவின் தலைவன் ஹார்மன் தாங்கமாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தேடி வந்தான். எதிரே வந்தபோது கையை வெளியே நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது அங்கே மரியாதை. டெல்மஸும் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, இதோ போகிறானே, இவனுடைய மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகை இரண்டு தடவை எரிந்தது, இரண்டு தடவையும் இன்சூரன்ஸ் புதுப்பித்த மறுமாதம் என்று சொல்லிச் சிரித்தான்.

அதுவரைக்கும்கூடப் போகட்டும். மலைக்காரர்களுக்குத் தோல் தடிப்பு, ஒரு மாதம் முறைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் பள்ளத்தாக்கின் கடைசியில் தனியாகத் தெரிந்த வெள்ளை வீட்டைக் காட்டி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று மெரிடித் கேட்டுத் தொலைத்தாள்.

"ஓலீடாம்மா. எங்க ஆம்புலன்ஸுக்கு நிரந்தர வாடிக்கை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா அவங்களுக்கு நெஞ்சு வலிக்கும். ஆப்பிள் பலகாரம் அடுப்பிலேருந்து எறக்கி ஆறுற நேரம் பாத்து கரெக்டா வலிக்கும். போனா வலியும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. பேச ஆளு வேணும், அவ்ளோதான். நாங்க சீட்டுக் குலுக்கிப் போட்டுப்போம். யாரு பேரு வருதோ அவன் தலையெழுத்து, போய் உக்காந்து பலகாரத்தைத் தின்னுட்டு வரணும்."

மெரிடித் சிரித்தாள். அவள் சிரித்ததும் இவனுக்கு இன்னும் ஏறிவிட்டது. கிழவி கதவைத் திறக்கிறபோது தலை வாரிப் பவுடர் போட்டிருப்பாள் என்று குரலை மாற்றி நடித்தே காட்டினான். அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஓலீடாவின் கணவர் வெண்டெல் அந்தச் சமையலறையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கொட்டுகிற பனியில் ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அன்று அதை ஓட்டியவன் டெல்மஸ்.

ஹார்மன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, முந்தி, சாலைக்குக் குறுக்கே நிறுத்தினான். இறங்கி வந்து மெரிடித் பக்கத்துக் கதவைத் திறந்து பையைத் தூக்கினான். மைக் கரகரத்தது. உடனே அலுவலகத்துப் பெண்ணின் குரல் வந்தது.

"அலைவரிசை கிளியர் ஆயிடுச்சு ஹார்மன். நன்றி."

டெல்மஸ் மைக்கைப் பார்த்தான், பையைப் பார்த்தான், ஹார்மனைப் பார்த்தான். எந்த இடத்திலிருந்து கேட்டது என்று கேட்க வாயெடுத்தான். முதலிலிருந்தே என்று ஹார்மன் தானாகவே சொன்னான். நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது டெல்மஸுக்கு. அந்த மலையில் நிலம் அவ்வளவு சுலபமாகப் பிளக்காது.

யாராவது வந்து சட்டையைப் பிடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஒருத்தரும் வரவில்லை. கடைக்கு வந்தார்கள், தீவனம் வாங்கினார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள். எதிரே வருகிற வண்டிகளில் விரல் எப்போதும்போல் எழும்பியது. அந்த விரலைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. ஹார்மனிடமும் பாதிரியாரிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். சரி விடு என்றார்கள். ஓலீடா வீட்டுக்கு மட்டும் அவன் போகவில்லை. இன்றைக்குப் போகலாம் என்று கிளம்புவான், பள்ளத்தாக்குத் திருப்பம் வந்ததும் நேரே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவது? நெல்டா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள், போனாயா என்று. இல்லை என்று அவன் சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் சமையலறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஓலீடா கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. ஆம்புலன்ஸ் நிலையத்தில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பெயர்ச் சீட்டுப் போட்டுக் குலுக்குகிற தொப்பியை யாரோ அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நிஜமாகவே வலி வந்தால் கூப்பிடுவாளா, அதைத்தான் அவன் நாளெல்லாம் யோசித்தான். கூப்பிடமாட்டாள் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் போகவில்லை பார், அதைத்தான் கோழைத்தனம் என்பது.

பத்திரிகை தபாலில் வந்தது. மெரிடித் நல்ல பெண், அவன் பேசிய வம்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. மலை, ஆடு, பாகு காய்ச்சும் புகை, மூடிக்கொண்டு வருகிற பள்ளிக்கூடம் என்று அழகாக எழுதியிருந்தாள். டெல்மஸைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. நெல்டா காலைச் சாப்பாட்டு மேஜையில் அதைச் சத்தமாகப் படித்தாள். இங்கே ஒவ்வொருவர் வலியும் இவருக்கு மனப்பாடம் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு நெல்டா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

ஓலீடா கதவைத் திறக்க நேரமாயிற்று. தலை வாரவில்லை. இடது கையை, பாத்திரம் துடைக்கிற துணியால் சுற்றி, ஒரு மரக்கரண்டியை அணைகொடுத்துக் கட்டியிருந்தாள். விரல்கள் வீங்கிக் கருநீலம் பூத்திருந்தன. விறகு எடுக்கப்போன இடத்தில் மிச்சமிருந்த பனிக்கட்டி வழுக்கிவிட்டதாம், போன வாரமே.

"போன வாரமேவா? ஏம்மா கூப்பிடல?"

"யாரு பேரு வந்திருக்குமோ," என்றாள் அவள். "அவருக்கு அன்னைக்கு என்ன வேலையோ."

குத்திக் காட்டவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. அப்படித்தான் யோசித்திருக்கிறாள், யோசித்ததைச் சொன்னாள். டெல்மஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் பேசினதும்மா, அது…"

"நீ பொய் ஒண்ணும் சொல்லலையேப்பா. வலிக்காமலும் கூப்பிட்டிருக்கேன்தான். எனக்கு அது தெரியாதா என்ன." அவள் துணியின் முடிச்சைச் சரிசெய்தாள். "உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குங்கறதுதான் எனக்குத் தெரியாது."

ஆம்புலன்ஸை வரவழைக்கிறேன் என்றான். வேண்டவே வேண்டாம், பெட்டியில் தன் பெயர் வரக்கூடாது என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அவன் வண்டியில் வரச் சம்மதித்தாள். ஏறுவதற்கு முன்னால் சீட்டில் கிடந்த மைக்கைப் பார்த்தாள். அவன் வயரைப் பிடுங்கி மைக்கை எடுத்துப் பின்னால் போட்டான். அப்படியும் மலையைத் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பள்ளமான இடங்களில் வண்டி குலுங்கியபோது கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் முடிந்தவரை பதமாகத்தான் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் நர்ஸ் துணியைப் பிரித்தாள். கரண்டியை எடுத்து வைத்துவிட்டுக் கையைப் பார்த்தவள் முகம் மாறியது. வலி பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கம்மா என்று கேட்டாள்.

ஓலீடா சுவரோரம் நின்றிருந்த டெல்மஸை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் நர்ஸ் பக்கம் திரும்பிச் சிரிக்க முயன்றாள்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுன்னு போட்டுக்கோ."

படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்து, விலகி, விலகினபடியே சேர ஆரம்பித்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டாலும் இழுத்து நேராக்குகிறபோது வலிக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். வலித்தால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திச் செய்கிறேன் என்றார். ஓலீடா தலையாட்டினாள். டாக்டர் கையைத் தொட்டார். அவள் உதடு வெளுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அவள் மறுபடியும் டெல்மஸைத்தான் பார்த்தாள். இல்லை என்றாள்.

தான் அங்கே நிற்கிறவரை அவள் இல்லையென்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

சாத்தியதும் உள்ளேயிருந்து அவள் கத்தினாள். வயசான பொம்பளையின் தொண்டை, அடிவயிற்றிலிருந்து வந்தது. இரண்டாவது தடவை வெண்டெல் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

டெல்மஸ் கதவுப் பிடியை விட்டான். அவள் குரல் தன் காதில் விழாத இடமாகத் தேடிக்கொண்டு, தாழ்வாரத்தில் வேகவேகமாக நடந்தான்.