மேப்பிள் தரையும் குளியல் தொட்டியும்

மாடியில் குளியலறை வேலை பாக்கியிருக்கும்போதே கீழ்த்தளத் தரையை இழைத்து வார்னிஷ் அடித்தது தப்புதான். கிரேட்டாவுக்கு அது தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தின் மலைச்சரிவில் நூற்றுப்பத்து வயதான அந்த வீட்டை வாங்கியதும், பழைய கம்பளத்தின் ஒரு மூலையைப் பிய்த்துப் பார்த்தாள். அடியில் மேப்பிள் மரப்பலகை தேன் நிறத்தில் மின்னியது. அதன்பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

வார்னிஷ் காய்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்று மாடியிலிருந்த வார்ப்பிரும்புக் குளியல் தொட்டியை இறக்கியாக வேண்டும். காலையிலேயே தரையை மூன்று தடவை கூட்டினாள். அடியில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் அது தரையைக் கீறிவிடும். தடித்த காகிதம் விரித்து, அதன்மேல் அட்டை பரப்பி, அட்டையோடு அட்டையை மட்டும் டேப்பால் ஒட்டினாள். தரையில் டேப் பட்டால் வார்னிஷ் உரிந்து வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

பிளம்பர் மெல் டுவோமினென் பனி அப்பிய பூட்ஸோடு வாசலில் நின்றார்.

"பூட்ஸைக் கழட்டிட்டு இந்தக் கம்பளி சாக்ஸை மாட்டிக்கோங்க மெல்."

"ஆபரேஷன் தியேட்டர்லயே குழாய் மாத்தியிருக்கேன். அங்ககூட இவ்ளோ கெடுபிடி இல்லம்மா."

"அங்க தரை மேப்பிளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பேச்சு? மாட்டுங்க."

மெல்லும் கிரேட்டாவின் கணவன் ஓரினும் கயிறு கட்டி, படிகளில் பலகை சாய்த்து, முக்கி முனகித் தொட்டியைக் கீழே இறக்கினார்கள். கிரேட்டா விரித்து வைத்திருந்த கனத்த போர்வைமேல் அது உட்கார்ந்தது. மூவரும் மூச்சு வாங்கினார்கள். ஓரின் தொட்டியின் விளிம்பில் சாய்ந்தான்.

வீடு ஏரிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தொட்டி போர்வையோடு நகர ஆரம்பித்தது. ஓரின் கால் தவறி அதற்குள்ளேயே மல்லாந்து விழுந்தான். அவன் கால்கள் இரண்டும் வெளியே ஆடின.

"பிடிங்க மெல், பிடிங்க!"

"எதைப் பிடிக்க? தொட்டியையா, உங்க வீட்டுக்காரரையா?"

கிரேட்டா விளிம்பைப் பிடித்து இழுத்தாள். காலில் சாக்ஸ், அடியில் வழுவழு அட்டை. தொட்டி அவளையும் கூட்டிக்கொண்டு போனது. நாலடி போனதும் அவளும் தலைகுப்புறப் புருஷன்மேல் விழுந்தாள். தொட்டி நடைவழி முழுவதையும் ஊர்வலம் போல நிதானமாகக் கடந்து, வாசற்கதவுக்கு ஒரு சாண் முன்னால், போர்வை சுருண்டு முட்டுக்கொடுக்க, நின்றது.

"ஏறும்போது சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல" என்றார் மெல்.

ஓரின் சிரித்த சிரிப்பில் தொட்டியே குலுங்கியது. கிரேட்டாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த நொடி தரை ஞாபகம் வந்தது. வெளியே குதித்து, தொட்டி வந்த வழியில் கசங்கிக் கிடந்த அட்டையையும் காகிதத்தையும் தூக்கினாள். மண்டியிட்டு டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"ஓரின், ஒண்ணுமே ஆகலடா" என்று இரண்டு கையையும் தூக்கினாள். டார்ச் நழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தால், பளபளத்த பலகையில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம்.

மெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

முதலில் சிரித்தது கிரேட்டாதான். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். பத்து நாளாக நெஞ்சைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது போலிருந்தது.

"அப்பாடா" என்றான் ஓரின், பக்கத்தில் வந்து படுத்தபடி. "இப்பத்தான் இது நம்ம வீடு மாதிரி இருக்கு."