எண் போடாத படிவம்

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். பணியாளர் நலப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். இப்போது கண்காணிப்பாளர். பதிவாளர் முதல் வாசல் காவலாளி வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் குறைவு. அப்படிப்பட்டவள் ஒரு காகிதத்தைப் பற்றி மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

வருடா வருடம் சிறந்த பணியாளர் விருது கொடுக்கிறோம். விழாவை நடத்துவது என் பிரிவு. இன்னாருக்குக் கொடுங்கள் என்று துறைகள் எழுதி அனுப்பும் பரிந்துரைப் படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும். நான் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, எண் போட்ட பிறகுதான் அவை குழுவின் முன் போகும். எண் விழாத படிவம் வெறும் காகிதம்.

அந்த விழாவுக்கு ஒரு விதி உண்டு. அதைக் கொண்டுவந்ததே நான்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஓர் அலுவலக உதவியாளரின் பெயரை மேடையில் கூப்பிட்டபோது அவர் பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தட்டோடு மேடை ஏறினார். சபையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பதிவாளர் அறையில் போய்ச் சண்டை போட்டேன். பரிந்துரைக்கப்பட்ட யாருக்கும் விழா நாளில் வேலை தரக் கூடாது, குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. இப்போது அதைச் சொல்லவே கூசுகிறது.

இனி மைக் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய அரங்கத்தின் ஒலி, விளக்கு, திரை எல்லாம் அவர் பொறுப்பு. பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனாலும் எல்லோரும் அண்ணன் என்பதால் எனக்கும் அண்ணன். மேடைக்கு எதிரே, மாடியில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைதான் அவருடைய இடம். அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அவர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பது. அதன் மூன்றாவது குமிழை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பது அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம் விழா அன்றைக்கு அவர் மனைவிக்கு ஆபரேஷன். லீவு போட்டிருந்தார். வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்து ஒப்பேற்றினோம். துணைவேந்தர் பேச வாயைத் திறந்ததும் மைக் வீறிட்டது. மூன்று முறை. நாலாவது முறை அவர் மைக்கை ஒதுக்கிவிட்டு, ஒரு மைக்கைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவர்களுக்கு விழா எதற்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அது மட்டும் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நான் கழிப்பறையில் போய் அழுதேன். நான் அழுததை இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இந்த வருடம் பரிந்துரை முடியும் நாளுக்கு முந்தின நாள், கணக்குப் பேராசிரியர் நேரில் வந்து ஒரு படிவம் கொடுத்தார். காதில் கருவி மாட்டியிருப்பவர், ஓய்வு பெறும் வயது. மைக் அண்ணனுக்காக இரண்டு பக்கம் கைப்பட எழுதியிருந்தார். காது மந்தமான மாணவர்கள் அரங்கத்தில் எதுவும் கேட்காமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதை மைக் அண்ணன் பார்த்திருக்கிறார். தூக்கிப் போட்ட பழைய ஹெட்ஃபோன்களைப் பொறுக்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்து, முன்வரிசையில் பத்து நாற்காலிகளுக்கு வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. 'முப்பது வருடத்தில் இந்த அரங்கத்தில் முதல்முறையாக ஒரு சொற்பொழிவை முழுதாகக் கேட்டேன்' என்று பேராசிரியர் முடித்திருந்தார்.

படித்ததும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியது. கண்ணைத் துடைத்த அதே கையோடு இன்னொன்றும் யோசித்தேன். இதற்கு எண் போட்டால் விழா அன்றைக்கு இவர் முன்வரிசையில் உட்காருவார். மூன்றாவது குமிழை யார் தட்டுவது?

விதியை நானே மீற முடியாது. பதிவாளர் சிரிப்பார். மைக் மறுபடியும் வீறிட்டால் துணைவேந்தர் சிரிக்க மாட்டார். முத்திரையைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். அடுத்த வருடம் முதல் எண் இவருக்குத்தான் என்று அறையில் ஆளில்லாதபோது சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். படிவத்தை நிலுவைக் கோப்பில் செருகி, கோப்பை அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஐந்து நிமிட வேலை.

சும்மா சொல்லக் கூடாது, விழா அமர்க்களமாக நடந்தது. மைக் ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. நான் நன்றி சொல்ல வந்தபோது, நான் குள்ளம் என்று மைக் அண்ணனே கீழே இறங்கி வந்து மைக் தண்டைத் தாழ்த்தி வைத்துவிட்டுப் போனார். முடியும் நேரத்தில் துணைவேந்தர் யாரும் எதிர்பாராமல் என் பெயரைச் சொன்னார். இவ்வளவு சிறப்பாக நடத்தியதற்காக எனக்கும் ஒரு கண்ணாடி நினைவுப் பரிசு. நான் குனிந்து வாங்கும்போது ஒரு விளக்கு என்மேல் மட்டும் விழுந்தது. அதை யாரும் போடச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே விழா நடத்தி நீயே பரிசும் வாங்கிக்கிட்டியா? பரவால்லயே, மகாராணி!" என்றார். கேலிதான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். நான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன், அவர் வந்து நேராகத் திருப்பி வைப்பார். இப்படியே ஒரு மாதம் போனது.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. அரங்கத் தொழில்நுட்பர், நிரந்தரப் பணி, ஓர் இடம். பதினோரு வருடமாக எல்லோரும் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த வேலை. வயது நாற்பத்தைந்துக்குள். பல்கலைக்கழக விருது பெற்றவர்களுக்குப் பத்து மதிப்பெண். விருது கிடைக்காவிட்டாலும் பெயர் குழு முன் போயிருந்தால் ஐந்து. அதற்குப் படிவத்தின் எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

மைக் அண்ணன் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். என்னை விட்டால் யார் சரிபார்ப்பார்கள். அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது, இதை விட்டால் இனி இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு தடவை அவருடைய பிறந்த தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பணியாளர் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

"கணக்கு சார் என் பேரை எழுதிக் குடுத்ததா சொன்னாரு மேடம். அந்த நம்பர் மட்டும் சொன்னீங்கன்னா போட்டுடுவேன்" என்றார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலமாரி ஓர் எட்டு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பதிவேட்டை மூடிக் குழு கையெழுத்தும் போட்டாயிற்று. இப்போது எடுத்துக் கொடுத்தால் விசாரணை வரும். எனக்கு ஓய்வுக்குப் பத்து மாதம். இவ்வளவும் ஒரே மூச்சில் மண்டைக்குள் ஓடியது.

"அப்படி எதுவும் வரலையே" என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி வாடியது. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டார். என் மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து, எண் கேட்டிருந்த கட்டத்தில் நேராக ஒரு கோடு போட்டார். கோணலாக இருந்தால் விண்ணப்பம் அசிங்கமாகத் தெரியும் என்றார். அந்தக் கோட்டுக்குக் கீழே, சரிபார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு போன வாரம் வந்தது. அவர் இரண்டாவது. நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. முதலில் வந்தவர் வெளியிலிருந்து விண்ணப்பித்தவர், முறையாகத் தேர்வு எழுதியவர், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அந்தத் தாளைப் பத்துத் தடவை படித்தேன். விருதுகூட வேண்டாம். வெறும் எண், அந்த ஐந்து, இருந்திருந்தாலே இந்த இடம் மைக் அண்ணனுடையது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

புதிதாகத் தேர்வானவர்களுக்குப் பணி ஆணை வழங்கும் நிகழ்ச்சி இன்றைக்குக் காலை பத்து மணிக்கு. பதிவாளர் கையால், அதே பெரிய அரங்கத்தில். ஏற்பாடு என் பிரிவு. ஆணையைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதுவரைக்கும் செய்ய முடியும். இது எனக்கு நன்றாகத் தெரியும், இருபத்திரண்டு வருடமாக இந்த விதிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். நிலுவைக் கோப்பிலிருந்து படிவத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பதரைக்கே அரங்கத்துக்குப் போனேன். முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

வாசலில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புதியவர்களும் அவர்கள் வீட்டாரும்போல. உள்ளே ஆளில்லை. மைக் அண்ணன் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் வேலையை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவதற்கு மேடை தயார் செய்துகொண்டிருந்தார். மைக் தண்டு என் உயரத்துக்கு ஏற்கெனவே தாழ்ந்திருந்தது.

"வாங்க மேடம். ஏதாவது பேசுங்க, சத்தம் பாக்கணும்" என்று மேலே இருந்து குரல் வந்தது.

மேடை ஏறினேன். மைக் முன்னால் நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கணக்கு சார் உங்க பேரை எழுதிக் குடுத்தாரு. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்" என்றேன்.

முதல் வாக்கியம் மட்டும்தான் அரங்கத்தில் ஒலித்தது. இரண்டாவதிலிருந்து என் குரல் எனக்கு மட்டுமே கேட்டது. அவர் கை குமிழ்மேல் இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை, அதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் விடாமல் சொன்னேன். விழாவுக்கு நீங்கள் வேண்டியிருந்தது, உங்களை முன்வரிசையில் உட்கார வைக்க எனக்குப் பயம், எண் கேட்டு வந்தபோது பொய் சொன்னேன், அந்த எண் இருந்திருந்தால் வேலை உங்களுக்குத்தான். எல்லாம் சொல்லி முடித்தேன். படிவத்தை எடுத்துக் காட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவரால் என்ன படிக்க முடியும்.

அவர் தன் பக்கத்து மைக்கில் பேசினார். குரல் மேடையில் என் காலடியில் இருந்த சின்னப் பெட்டியில் மட்டும் மெல்லக் கேட்டது.

"அப்ப சார் பொய் சொல்லல."

எனக்குப் புரியவில்லை.

"என்னைச் சந்தோஷப்படுத்த சும்மா சொன்னாருன்னு நெனச்சுட்டேன் மேடம். ரெண்டு மாசமா அவர்கூட நான் முகம் குடுத்துப் பேசல. அவரா ரெண்டு தடவை மேல ஏறி வந்தாரு. வேலை இருக்குன்னு அனுப்பிட்டேன். அந்த வயசுல, இந்தப் படி ஏறி."

வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவரிடமிருந்து எடுத்தது வேலை ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மைக் தண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சத்தத்தைக் கொறச்சீங்க?" என்று கேட்டேன்.

"வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க. பதிவாளர் காரும் வந்துடுச்சு. உங்களுக்கு எட்டு மாசந்தானே மேடம் இருக்கு."

இந்த மனுஷனைத்தான் நான் ஐந்து நிமிடத்தில் அடித்தட்டில் வைத்தேன். இப்போதும் அவர்தான் எனக்காகக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

பதிவாளர் உள்ளே வந்தார். பின்னால் வாசலில் நின்றவர்கள் வந்தார்கள். பணி ஆணைகள் வைத்த தட்டு மேசைக்கு வந்தது. மணி பத்தாக இன்னும் ஆறு நிமிடம்.

நான் மாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

"ஏத்துங்க" என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஏத்துங்கண்ணே. எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் குனிந்தார். மூன்றாவது குமிழை அவர் ஒரு தட்டுத் தட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. படிவத்தைப் பிரித்து மைக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "பணியாளர் நலப் பிரிவுக் கண்காணிப்பாளர் பேசறேன்" என்று ஆரம்பித்தேன். பதிவாளர் தட்டின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மைக் ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை.