கர்சாங்கின் பெயர்த்தாள்

நிலநடுக்கம் வந்த அன்று என் கணவர் கர்சாங் மலைக்கு அந்தப்புறம், லாங்டாங்கில் இருந்தார். மாடு வாங்கப் போனவர். அங்கே பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை.

நாற்பத்தொன்பது நாளுக்குள் கேவா செய்தாக வேண்டும். இறந்தவரின் பெயரைத் தாளில் எழுதி, அவரை அதில் வரவழைத்து, போகும் வழியைப் படித்துச் சொல்லிவிட்டு, லாமா தாளை எரிப்பார். அதன்பின் அவருக்கு இங்கே இடமில்லை. செய்யாமல் விட்டால் வழி தெரியாமல் அலைவார். உயிரோடிருப்பவரின் பெயரை எரித்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் லாமா கர்சாங்கின் பெரியப்பா. எங்கள் புத்தக் கோயிலான கோம்பா இடிந்ததில் அவருடைய வலது கை நசுங்கிவிட்டது. எங்கள் பேச்சான யோல்மோவை எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்த நேபாளி எழுத்தில் கிறுக்கிக்கொள்வார்கள். சடங்குக்குத் திபெத்திய எழுத்துதான். ஊரில் அதை எழுதத் தெரிந்த இன்னொரு கை என்னுடையது. கர்சாங் சொல்லிக்கொடுத்தது.

தேடப் போன கொழுந்தன் லெண்டுப் நாற்பத்தேழாம் நாள் திரும்பினான். தன் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல், நம் பேச்சைப் போலவே பிதற்றிய ஒருவரை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை. லாங்டாங்காரர்கள் பேச்சும் கிட்டத்தட்ட நம்முடையதுதான் என்று அவனே சொன்னான்.

"அண்ணன் அங்க இருந்திருந்தா, டீயில வெண்ணெய் பத்தலன்னு இந்நேரம் அந்த ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பாரு, அண்ணி." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மறுநாள், வீடு இடிந்தபின் நாங்கள் தங்கியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் லாமா தாளை என் முன்னால் வைத்தார்.

"உயிரோட இருந்தா, மாமா?"

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "இருந்தா, பாவம் எழுதுன கைக்கு இல்லம்மா. படிச்ச வாய்க்கு."

எழுதினேன். நாற்பத்தொன்பதாம் நாள் தாள் எரிந்தது.

ஏழு வாரமும் பாதையில் காலடி கேட்டால் எழுந்து ஓடியவள் நான். அடுத்த நாள் காலை நாய் குரைத்தது. யாரோ மெதுவாக, காலை இழுத்து இழுத்து மேலேறி வந்தார்கள். இந்த முறை நான் ஓடவில்லை. தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். நிவாரண அரிசி சுமந்து வந்த ஆள்தான் என்று லெண்டுப் வெளியிலிருந்து சொன்னான்.

அவன் இரண்டு முறை கூப்பிட்டும் நான் வெளியே வரவில்லை.