வெட்டுப்படாத துண்டு

ஆய்வகத்தில் அவளுக்குக் 'கத்தரி' என்றுதான் பெயர். டிஎன்ஏவை வெட்டும் நொதிகளைக் கையாள்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த நொதிகள் நீளமான இழையில் தமக்குப் பழகிய எழுத்து வரிசையைத் தேடிப்போய் அங்கே மட்டும் வெட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தொடாது.

அன்று அரிவாள் அணு நோய்க்கான மாதிரிகள் வந்திருந்தன. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து குழாய்களில் சிக்கிக்கொள்ளும் நோய் அது. நல்ல மரபணுவை நொதி இரண்டாக வெட்டிவிடும். நோயுள்ளது வெட்டுப்படாமல் முழுசாக நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் டிஎன்ஏ வேண்டும். வைத்திருந்தது தீர்ந்துவிட்டதால், பஞ்சுக் குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தையே வழித்தெடுத்தாள் கத்தரி.

வெட்டிய துண்டுகளை நீளவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை விளக்கின்மேல் வைத்தபோது, அவளுடைய வரிசையில் இரண்டு கோடுகளுக்கு மேலே மூன்றாவதாக ஒன்று ஒளிர்ந்தது. வெட்டுப்படாத துண்டு.

"நொதி கெட்டுப்போச்சு போல டாக்டர்" என்றாள் ஆய்வகத் தலைவரிடம்.

"மத்ததையெல்லாம் ஒழுங்கா வெட்டியிருக்குதேம்மா. எதுக்கும் புதுசு எடுத்துப் போட்டுப் பாரு."

போட்டாள். மறுபடியும் மூன்று கோடுகள்.

"எல்லாருக்கும் இந்த மரபணு ரெண்டு இருக்கும். உனக்கு ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. உனக்கு நோய் இல்ல, சுமக்குற அவ்வளவுதான்" என்றார் அவர். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"தம்பி இருந்தான். சின்ன வயசுலயே போயிட்டான்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. தம்பியின் மஞ்சள் கண்கள். கால் குடைகிறது என்று அவன் சுருண்டு கிடந்த மத்தியானங்கள். ஒருநாள் அவன் கெஞ்சிக் கேட்டானென்று அம்மா நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். மறுநாளே நெஞ்சுவலி; அந்த வாரமே போய்விட்டான். 'நீதான் அவனைத் தண்ணியில இறக்கிக் கொன்னே' என்று அப்பா அன்று ஆரம்பித்ததை இன்றுவரை விடவில்லை. அம்மா ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

விஷயத்தைச் சொல்லாமல் மறைக்கவில்லை கத்தரி. பரம்பரை நோய் பார்க்க வேண்டும் என்று கேட்டு அப்பா, அம்மா இருவரின் கன்னத்திலும் மாதிரி எடுத்துப்போனாள். இரண்டு வரிசையிலும் மூன்று மூன்று கோடுகள்.

சாப்பாட்டு மேசையில் ஜெல்லின் படத்தை வைத்தாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"தம்பிக்கு இந்த நோய்தான் இருந்திருக்கணும்ப்பா. அவனுக்கு இருந்த அடையாளமெல்லாம் இதுதான்னு டாக்டரும் சொல்றாரு. பழுது உங்ககிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு வந்திருக்கு."

"என்கிட்டேருந்துமா?" அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தத் தண்ணி?"

"குளிர்ல வலி கிளம்பியிருக்கலாம். தண்ணி இல்லாட்டி ஒரு காய்ச்சல் கிளப்பியிருக்கும். அவனுக்கு இப்படி ஒரு நோய்னு அப்ப யாருக்குப்பா தெரியும்?"

அம்மா அழவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னாள்.

"என்னைப் பார்த்து இல்ல. அவரைப் பார்த்துச் சொல்லு."

கத்தரி அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் மேசைமேல் கையை நீட்டினார். அம்மா அதைத் தொடாமல் எழுந்தாள்.

"இப்ப எதுவும் பேசாதீங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

பேருந்து நிறுத்தம்வரை கத்தரி கூடவே போனாள். பாதி வழியில் அம்மா நின்றாள்.

"அன்னிக்குத் தண்ணியில அவன் என்னமா சிரிச்சான் தெரியுமாடி? அதை நினைக்கக்கூட இத்தனை வருஷமா எனக்குப் பயமா இருந்துச்சு."

ஒரு மாதம் போல அம்மா சித்தி வீட்டிலேயே இருந்தாள். அப்பா தினமும் அங்கே போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். பிறகு ஒருநாள் அம்மா தானாகவே வந்தாள். பெட்டிக்கடியில் கிடந்த தம்பியின் படத்தைத் துடைத்து, கூடத்தில் மாட்டச் சொன்னாள். ஆணி அடித்தது அப்பாதான். இரண்டு இடத்தில் சுவர் பெயர்ந்தது.