கடைசி ஸ்டாப்புக்கு ஆள் இருக்கு

"அந்த ரூம் எனக்கு வேணும்க்கா."

கேட்டேவிட்டேன். ஹாலில் இருந்த மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குச் சூடு இருந்திருந்தால் நான் சோபாவோடு சேர்ந்து பொசுங்கியிருப்பேன். எதை வேண்டுமானாலும் கேள், அக்கா வீட்டில் தங்க இடம் மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று பஸ்ஸில் வரும்போதுகூட அவள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். கேட்டால் மாப்பிள்ளை முகம் மாறுமாம், அக்காவுக்குச் சங்கடமாம். என் சங்கடத்தை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

"எந்த ரூம்?" என்றாள் அக்கா, ஏதோ அவள் வீட்டில் வரிசையாகப் பத்து ரூம் இருப்பதுபோல.

"பூட்டியே கிடக்கே, அது. நடக்கிற மெஷின் வாங்கி அதுமேல துணி காயப்போட்டு வச்சிருக்கியே, அந்த ரூம்."

மாமா சிரித்தார். மாமா என்றால் அக்காவின் கணவர். ஒரு ஃபர்னிச்சர் கடையில் மேனேஜர். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மாடியில் இருக்கும் என் அறைக்கு ஏறி, டேப்பை இழுத்து இழுத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். எதற்கு மாமா என்று கேட்டதற்கு, "உன் புக்கெல்லாம் தரையில கிடக்கேம்மா, ஒரு ஷெல்ஃப் போட்டுத் தரலாம்னு" என்றார். என்னைப் பற்றி இப்படி யோசிக்க ஒரு ஆள் இருக்கிறாரே என்று அந்த வாரம் முழுக்க நெகிழ்ந்து போயிருந்தேன். அந்த நெகிழ்ச்சியில்தான் இன்றைக்கு வாயையும் திறந்தேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிறேன். ஒரு கண்ணை மூடச் சொல்லி, இன்னொரு கண் முன்னால் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் தொழில். மாலைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறாயா என்று பெரிய டாக்டர் என்னைக் கேட்டிருந்தார். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். மாலைப் பிரிவு முடிய ஒன்பதரை ஆகும். எங்கள் ஏரியாவுக்குக் கடைசி பஸ் எட்டரைக்கே போய்விடும். நான் சரி என்று சொல்லாவிட்டால் அந்த நாற்காலி, கண்ணாடியை இன்னும் தலைகீழாகப் பிடிக்கிற ஒருத்திக்குப் போகும். அவள் வீடு மருத்துவமனைக்குப் பின் தெருவில் இருக்கிறது. அது ஒன்றுதான் அவளுடைய தகுதி.

அந்தக் கடைசி பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் ரூட் டிரைவர்கள் கடைசி ஸ்டாப் வரை வராமல் அதற்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்கோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள், அதற்கு மேல் போக ஆள் இருந்தால் ஒழிய. ஆகவே ஏறும்போதே "கடைசி ஸ்டாப்புக்கு ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும். கழுத்தில் மருத்துவமனை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதை ஒவ்வொரு நாளும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிக்கிறேன். "ஐயோ, அங்கயா?" என்று யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் குழாய் வேலை செய்பவர். சம்பாதித்ததைச் சேர்த்துச் சேர்த்து ஊரின் விளிம்பில் மனை வாங்கிக் கட்டியவர். அவரைக் கேட்டால் நாங்கள் சிட்டியில்தான் இருக்கிறோம். "வரி யாருக்குக் கட்டுறோம்? மாநகராட்சிக்கு. அப்புறம் என்ன?" என்பார்.

"நாம அங்க இருக்கிறது மாநகராட்சிக்குத் தெரியுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு என்னோடு பேசுவதை நிறுத்தியவர் மோட்டார் ரிப்பேர் ஆனபோதுதான் மறுபடி பேசினார், டார்ச் பிடிக்கச் சொல்லி.

ஆனால் அக்கா? அக்கா வீடு சிக்னலுக்கு நேர் மேலே, இரண்டாவது மாடி. கீழே மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் ஹவுஸ் ஓனரின் தையல் மெஷின் கடை. பால் தீர்ந்துபோனால் அக்கா வீட்டுச் செருப்போடு, தலைகூட வாராமல் இறங்கி வாங்கி வருவாள். எங்கள் வீட்டில் பால் தீர்ந்தால் அப்பா வண்டியோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். சாயங்காலமானால் சிக்னலின் சிவப்பும் பச்சையும் அவள் ஹால் கூரையில் மாறி மாறி விழும். அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவள் கெட்டியான திரை ஒன்று வாங்கி மாட்டியிருந்தாள். அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இருப்பவளுக்குத்தானே மறைக்கத் தோன்றும்.

"ஒன்பதரைக்கு வேலை முடிஞ்சா நடந்தே இங்க வந்துடுவேன்க்கா," என்றேன். "உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. வருவேன், படுப்பேன், காலையில போயிடுவேன். லீவு நாள்ல வீட்டுக்குப் போயிடுவேன்."

"இவ எதையாவது பேசுவா மாப்ள, நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்றாள் அம்மா.

"நான் மாமாகிட்ட கேக்கலம்மா. அக்காகிட்ட கேக்குறேன்."

அக்கா திரையைச் சரிசெய்வதுபோல எழுந்து போனாள். "உனக்கென்னடி குறை அங்க? குடுத்து வச்சவ. காலையில குருவி கத்துது, நல்ல காத்து வருது..."

"அந்தக் குருவி எனக்கு பஸ் ஓட்டுமா?"

"இங்க வந்து இருந்து பாரு, அப்பத் தெரியும். விடிஞ்சா ஹாரன், அடைஞ்சா ஹாரன். ரெண்டுங்கெட்டான் ஊர்டி இது. சிட்டியோட சத்தம் இருக்கு, சிட்டியோட வசதி இல்ல."

"எங்களுக்குச் சத்தமும் இல்ல, வசதியும் இல்ல. நாங்க எந்தக் கெட்டான்?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய நகரத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அந்தக் கொஞ்ச காலம் இன்றுவரை முடியவில்லை. "இதையெல்லாம் சிட்டின்னு சொல்றதே தப்பும்மா. நான் இருந்தேன் பாரு, அது சிட்டி. இங்க நாலு தெருவுக்கு லைட் போட்டிருக்கான், அவ்வளவுதான். பத்து மணியானா ஷட்டர் இறங்கிடுது."

"எங்க ஏரியாவுல இறங்குறதுக்கு ஷட்டரே கிடையாது மாமா."

"அதத்தான் நானும் சொல்றேன். இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். அங்கயாவது நிம்மதியாத் தூங்கலாம். நாங்களே மாசக் கடைசியில இந்த வீட்டைக் காலி பண்றோம், இதுல எந்த ரூமை உனக்குக் குடுக்குறது?" என்று சொல்லிவிட்டு, நினைவு வந்தவர்போல என் பக்கம் குனிந்தார். "ஆமா, உன் மாடிக் கதவைக் கழட்டி மாட்டலாம்ல? அளந்து பார்த்தேன், எங்க கட்டில் ஒரு ஜாண் இடிக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. உன் மாடி, எங்க கட்டில். இரண்டு கண்ணாடியையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பிறகு தெளிவாகத் தெரிந்தது.

"அப்ப அந்த புக் ஷெல்ஃப்?" என்றேன்.

"எந்த ஷெல்ஃப்?" என்றார் மாமா. மறுகணமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் போன போக்கிலேயே தெரிந்தது. "அதுவும் போடலாம்மா. இடம் பார்த்து... கீழ எங்கயாவது..."

அம்மா சேலைத் தலைப்பில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? கட்டில் மாடி ஏறினதுக்கு அப்புறமா?"

"கத்தாதடி. அவங்க கேட்டாங்க, அப்பாவும் சரின்னுட்டார். மாடி சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கா? அதுல நான் கிடக்குறேன்மா!"

"நீ எங்கூட ஹால்ல படுத்துக்கோ. கல்யாணம் ஆகுற வரைக்கும்தானே. ஊர்ல இல்லாத அதிசயமா?"

இங்கே இடம் கேட்கக் கூடாது என்று அம்மா ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை முகமும் கிடையாது, மண்ணும் கிடையாது. நான் இங்கே ரூம் கேட்டால், அவர்கள் என் ரூமை ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டது வெளியே வந்துவிடும். அதுதான் பயம்.

அக்கா திரையை விட்டுவிட்டுத் திரும்பினாள். எதற்கும் குரலை உயர்த்தாதவள் உயர்த்தினாள்.

"ஹால்ல படுத்தா செத்தா போயிடுவ? நான் படுக்கலையா? கட்டிக் குடுக்குற அன்னைக்கு வரைக்கும் தையல் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல படுத்தவ நான். டிவி ஓடும், அப்பா குறட்டை ஓடும். எனக்கும் படிக்கத்தான் வந்துச்சு. பன்னெண்டாவதோட போதும்னுட்டாங்க. நீ காலேஜ்ல சேர்ந்ததும் மாடியில ரூம் எழும்பிடுச்சு. சின்னவ படிக்கணுமாம், அவளுக்கு அமைதி வேணுமாம். எனக்கு வேணாமா அந்த அமைதி? ஒவ்வொரு தடவை அங்க வரும்போதும் அந்த மாடியைத்தான்டி பார்த்துட்டுப் போவேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சூடு இறங்காத சிமெண்ட் கூரையும் ஒற்றை ஜன்னலும் உள்ள அந்த அறையைப் பார்த்து ஒருத்தி ஏங்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் அந்த ஜன்னலில் நின்று ஊரின் நடுவே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து வெந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் அந்த வெளிச்சத்துக்குள் உட்கார்ந்து என் ஜன்னலை நினைத்து வெந்திருக்கிறாள்.

பாவமாகத்தான் இருந்தது. கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். மூக்கை உறிஞ்சத் தயாராகிவிட்டாள். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, மறுபடியும் எரிச்சல்தான் வந்தது. அக்காவுக்குச் சிட்டி அலுத்துவிட்டது. அலுக்கிற அளவுக்கு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கீழே கடை, வாசலில் பஸ், ராத்திரியிலும் ஆள் நடமாட்டம், எல்லாம் தின்று தீர்த்து ஏப்பம் விட்டுவிட்டு இப்போது அமைதி கேட்கிறாள். அதற்கும் என் அறைதான் வேண்டியிருக்கிறது. அவள் வீட்டைவிட, அந்தச் சிக்னலைவிட, அவளுடைய அந்த அலுப்பின்மேல்தான் எனக்கு அவ்வளவு பொறாமை.

"சரி, எடுத்துக்கோ," என்றேன்.

மூன்று பேரும் நம்பவில்லை.

"நிஜமாத்தான். மாடியை எடுத்துக்கோ. கதவைக் கழட்டு, கட்டிலை ஏத்து. மாமா, இந்த வீட்டுக்கு வேற ஆள் வந்தாச்சா?"

"இன்னும் இல்ல. ஓனர் பார்த்துட்டு இருக்கார். குடும்பமா இருந்தா சொல்லுங்கன்னார். ஏம்மா?"

"எங்க ஆஸ்பத்திரி நர்ஸும் இந்த மாதிரி கடைசி ஸ்டாப் கேஸ்தான், வேற ரூட்டு. அவங்களும் அவங்க அம்மாவும் இங்க பக்கத்துல வீடு தேடிட்டு இருக்காங்க. அவங்க ரெண்டு பேரும் நானும் வந்தா குடும்பம்தானே?"

அம்மா எழுந்தே விட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீடா? ஊர் என்ன பேசும்?"

"நம்ம பக்கம் ஊர்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா பேசும்?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அக்கா முறைத்ததும் இருமினார். அக்கா என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் வீட்டுக்கா வரப்போற?" என்றாள். குரலில் ஒரு சின்ன முள் இருந்தது. எனக்குப் பழக்கமான முள்தான். இத்தனை காலம் அது என் தொண்டையில் இருந்தது.

"நீதான் காலி பண்றியே."

"ரெண்டு வாரம் தாங்க மாட்ட. ஹாரன் சத்தத்துல அலுத்து ஓடி வருவ பாரு."

"அலுக்கட்டும்க்கா. எனக்கும் ஒரு தடவை அலுத்துப் பார்க்கணும்."

அவள் கை திரையைப் பிடித்துக்கொண்டது. "இந்தத் திரையை நான் எடுத்துட்டுப் போவேன். என் காசுல வாங்கினது."

"தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா அங்க மறைக்கிறதுக்கு வெளிச்சம் எதுவும் கிடையாது."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். ஹவுஸ் ஓனர் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வைத்திருந்த மெஷின்களை அவர் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் என்னிடம் தயாராக இருந்தது.

"எங்கடி கிளம்பிட்ட? பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, சேர்ந்து போகலாம்," என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"கீழ பேச வேண்டியது இருக்கு. நீ அந்த பஸ்ல முன்னால போயிடு. நான் கடைசி பஸ்ல வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவள், மனசு கேட்காமல் திரும்பினேன்.

"அம்மா, ஏறும்போதே டிரைவர்கிட்ட சத்தமாச் சொல்லிடு, கடைசி ஸ்டாப்புக்கு ஆள் இருக்குன்னு. இல்லேன்னா பெட்ரோல் பங்க்லயே திருப்பிடுவான்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.