தபால்காரரின் கோட்டு

எங்கள் வீட்டில் சொந்தத் துணி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஜன்னல் திரை பஸ் டிரைவரின் காக்கி. தலையணை உறை வங்கி அதிகாரியின் சட்டைத் துணி. அடுப்படியில் நான் கை துடைப்பது நர்ஸம்மாவின் வெள்ளைச் சீருடை. என் வீட்டுக்காரர் தையல்காரர். இரண்டு மீட்டர் போதும் என்கிற இடத்தில் வாய் கூசாமல் இரண்டரை என்பார். அந்த அரை மீட்டர் முன்னறையில் இருக்கும் கடையிலிருந்து நைசாக உள்ளறைக்கு வந்துவிடும். அதைத் திருட்டு என்று நாங்கள் சொன்னதில்லை, மிச்சம் என்போம்.

சபைக்குப் போவதென்றால் எங்களுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகருக்குத் தைத்த புது அங்கியைக் கொடுக்க இவர் போனார். ஆராதனை முடியட்டும் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய, வரி வசூலிக்கும் குள்ளனைப் பற்றிப் பிரசங்கம். ஊரை ஏய்த்துச் சேர்த்ததையெல்லாம், இயேசு தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் திருப்பிக் கொடுத்தவன்.

வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தார். வயிற்றுவலி என்று நினைத்து நான் வெந்நீர் வைத்தேன்.

"வயிறு நல்லாத்தான் இருக்குடி. அவர் நம்ம வீட்டுக்கு வந்தா எங்க உட்கார வைப்பேன்? எல்லாமே அடுத்தவங்க துணி!"

"யாருங்க வர்றாங்க?" என்று பதறினேன். விருந்தாளி என்றால் எனக்கு முதலில் அடுப்படி ஞாபகம்தான் வரும்.

"இயேசுதான்டி."

வெந்நீரை நானே குடித்தேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் திரை இறங்கியது. துவைத்து, தேய்த்து, மடித்து எடுத்துக்கொண்டு பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனார். அடுத்து வங்கி அதிகாரி, அடுத்து நர்ஸம்மா. துணியோடு, கூலி இல்லாமல் ஒரு உடுப்பும் தைத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாராம். டிரைவர் சிரித்துவிட்டார். நர்ஸம்மா தெருவே கேட்கும்படி கிழித்துத் தொங்கவிட்டாள். அவ்வளவு திட்டு வாங்கிய மனுஷன், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்!

"அந்த வரிக்காரன் நாலு மடங்கு குடுத்தானாம்" என்றார் வாசலிலேயே.

"நாலு மடங்கா? அவ்வளவு தலையணைக்கு நான் எங்கங்க போவேன்?"

இதெல்லாம் ஒரு மாதக் கூத்து, அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அடங்கவில்லை. துணி கொண்டு வருகிறவர்களிடம் சரியான அளவைச் சொன்னார். வெட்டும்போது தன்பாட்டுக்குப் பாடினார். சுருதி சேரவில்லை என்று சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடினார்.

இதற்கு நடுவில் எங்கள் மகளுக்கு ஒரு இடம் அமைந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பையன் தபால்காரரின் மகன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவர் உயிர். தபால்காரர் சாது, வாய் திறக்க மாட்டார். அவர் மனைவி தலைமையாசிரியை. அந்த அம்மா முறைத்தால் பெரியவர்களே கையைக் கட்டிக்கொள்வார்கள். பேசி முடிக்க சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வருகிறவர்களுக்கு மொட்டை நாற்காலியா போடுவது? விசேஷத்துக்கென்று அலமாரியில் பொத்தி வைத்திருந்த கருநீல குஷனை எடுத்துப் போட்டேன். வெளிச்சமே படாததால் அதன் நிறம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் இவர் முகம் வெளுத்தது.

"இது அந்தத் தபால்காரர் கோட்டுத் துணிடி."

நான் குஷனைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டேன். "பேசாம உள்ள வச்சிடலாம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லுங்க. இப்ப சொன்னீங்கன்னா அந்தம்மா எழுந்திரிச்சுப் போயிடுவாங்க. நம்ம பொண்ணு வாழ்க்கைங்க இது!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "உன் கல்யாணம்மா. நீயே சொல்லு."

அவள் குஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்லிடுங்கப்பா. இதை ஒளிச்சு வச்சுட்டு அந்த வீட்டுக்குப் போனா, தினமும் அத்தை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை என்று கரித்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வந்தார்கள். எங்கள் நேரம், தபால்காரர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நீலம் வெளுத்து, முன்பக்கம் பொத்தான் மாட்டாமல் திறந்து கிடந்தது. நான் டீயை நீட்டினேன்.

"அவருக்குச் சர்க்கரை போடாதீங்க" என்றார் டீச்சரம்மா. தபால்காரர் பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார்.

இவர் உட்காரவே இல்லை. குஷனை இரண்டு கையாலும் எடுத்து டீச்சரம்மா முன்னால் வைத்தார். "அம்மா, உங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஐயாவுக்குக் கோட்டு தைச்சேன். துணி தாராளமாவே குடுத்தீங்க. ரெண்டு பக்கமும் குறுக்கி வெட்டி இதை எடுத்துக்கிட்டேன். திருட்டுத்தான். என்னை மன்னிச்சுக்குங்க."

டீச்சரம்மா குஷனைக் கோட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். நெசவு ஒன்றேதான். "நாங்க கேக்கலையே. இப்ப ஏன் சொல்றீங்க?"

"பழைய ஆளா இருந்தா சொல்லியிருக்க மாட்டேம்மா. இயேசு என்னை மன்னிச்சு சேர்த்துக்கிட்டார். அதுக்கப்புறம் எதையும் ஒளிச்சு வைக்க மனசு வரல."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு உயிரே கையில் இல்லை. அப்போது தபால்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக எழுந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

சாது மனுஷனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் கண்டது?

"பொத்தான் மாட்டல, டெய்லர் துணியை எடுத்துட்டார்னு அன்னைக்கே சொன்னேன். நீ என்ன சொன்ன? உங்க தொப்பையை வச்சுக்கிட்டு ஒரு நல்ல மனுஷன்மேல பழி போடாதீங்கன்ன! அன்னைக்கு நிறுத்தினதுதானே என் சர்க்கரை? தெருத்தெருவா தபால் குடுக்க நடந்தவனுக்குத் தொப்பையா?"

டீச்சரம்மா அவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். முறைக்கத்தான் முயன்றார், ஆனால் உதடு ஒத்துழைக்கவில்லை. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சர்க்கரை டப்பாவைக் கொண்டாங்க" என்றார். தன் கையாலேயே கணவரின் டீயில் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்குள்ள இந்தக் கோட்டைச் சரி பண்ணிடுங்க, சம்பந்தி."

சம்பந்தி! அந்த ஒரு வார்த்தையில் என் மகள் உள்ளே ஓடிப்போய் அழுதாள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

குஷனைப் பிரித்து, கோட்டின் இரண்டு பக்கமும் பட்டையாக வைத்துத் தைத்தார். வெளுத்த நீலத்துக்கு நடுவில் அந்தப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. கல்யாணத்தன்று தபால்காரர் எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, கையை உயர்த்தி உயர்த்திப் பட்டையை எல்லாருக்கும் காட்டினார்.

போதகர் இவரைச் சீண்டினார். "என்ன டெய்லரே, பழைய கோட்டுல புதுத் துணியா? பழசுல புதுசை ஒட்டாதீங்கன்னு இயேசு சொன்னாரே, அதைப் பத்தி நான் ஒரு பிரசங்கமே பண்ணியிருக்கேனே!"

"புதுசு இல்லீங்க ஐயா. அதே துணிதான். இப்பதான் வீடு திரும்பியிருக்கு."

அதைக் கேட்டபோது, என் வீட்டுக்காரர் நல்லவராக நடிக்கவில்லை, நிஜமாகவே மாறிவிட்டார் என்று முதல்முறையாக முழு மனதோடு நம்பினேன். எனக்கும் அது வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினோம். திரை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் உள்ளே கிடந்தது. குஷன் இல்லாத நாற்காலியைக் காட்டி இவர் சொன்னார்: "இப்ப அவர் வந்தா தைரியமா உட்கார வைக்கலாம்டி."

யார் என்று நான் கேட்கவில்லை. கடையில் வாங்கிய சொந்தத் துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தேன்.